பெரட்டின் சாவி ஏன் என்னிடம் இல்லை

இந்த வாரம் உங்கள் மூன்று பேருக்கும் பெரட்டின் சாவி கிடைத்திருக்கிறது. வாழ்த்துகள். புதிதாகச் சாவி வாங்குகிறவர்களுக்கு யாராவது நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று, பெரட்டை இப்போது நடத்துகிறவர்களில் ஒருத்தியான மெய்யம்மை சொன்னாள். எழுத வேண்டிய ஆள் நான்தான் என்பதையும் அவளே முடிவு செய்துவிட்டாள். பெரட்டைத் தொடங்கியவள் நான். ஆனால் இன்றைக்கு என்னிடம் சாவி கிடையாது. பறித்துக்கொண்டார்களா என்று சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். யாரும் பறிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இரண்டாக உடைந்துபோக இருந்தது, அதற்குக் காரணம் என் கை. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். உங்களில் ஒருவருக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும். அவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கிருந்தோ இதைப் படிக்க வருகிறவர்களுக்காக இரண்டு விஷயம். பெரட்டு என்பது தொழிற்சாலைகளுக்கான மென்பொருள். யாருக்கு எந்த ஷிப்டு, யாரை எந்த பஸ் எங்கே ஏற்ற வேண்டும் என்று பட்டியல் போட்டு பஸ்காரருக்கு அனுப்பிவிடும். ரப்பர்த் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்க நிறுத்துவார்களே, அதற்குப் பெயர் பெரட்டு. நான் சிங்கப்பூரை ஒட்டிய ஜொகூரில், ரெங்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள் என்பதால் வேறு பெயர் தோன்றவில்லை. இரண்டாவது, சாவி. பெரட்டின் நிரல் எல்லோருக்கும் திறந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், பயன்படுத்தலாம், திருத்தி அனுப்பலாம். வந்த திருத்தத்தை மூல நிரலில் சேர்த்துவிடும் அனுமதி மட்டும் சிலரிடம் இருக்கும். அதைத்தான் சாவி என்கிறோம்.

ஜொகூரின் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு பட்டியல் போடுவதுதான் என் வேலையாக இருந்தது. என் சோம்பேறித்தனத்துக்காக எழுதிக்கொண்ட நிரல், நிர்வாகத்தின் அனுமதியோடு பொதுவில் வந்தது. பக்கத்துத் தொழிற்சாலைகளில் பட்டியல் எழுதும் கிராணிகள் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். பிறகு குறை சொல்ல ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒருவர் இருவராகத் திருத்தம் அனுப்ப ஆரம்பித்தார்கள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ என் சமையலறையில் வேறொருத்தி வந்து உப்பு டப்பாவை இடம் மாற்றி வைத்ததுபோல் எரிச்சல் வந்தது. எனக்கு முன்கோபம் அதிகம். தொழிற்சாலையில் என் முதுகுக்குப் பின்னால் என்னை ‘சம்பல்’ என்று, மிளகாய்த் துவையலின் பெயரால், கூப்பிடுவார்கள் என்பது ஓய்வுபெற்ற அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

முதல் வருடத்தில் முகம் தெரியாத ஒருவர் ஒரு திருத்தம் அனுப்பினார். நோன்பு மாதத்தில் ஷிப்டு நேரம் மாறும், அதற்கு ஓர் ஏற்பாடு. எழுத்து ஒழுங்காக இல்லை, நிரல் கோணல்மாணலாக இருந்தது, விளக்கம் அரைகுறை. ஆனால் யோசனை சரியானது. நான் யோசனையைப் பார்க்கவில்லை, கோணலைத்தான் பார்த்தேன். “இது தேவையில்லை” என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டு மூடிவிட்டேன். அடுத்த நோன்பு மாதத்தில் அந்த ஏற்பாடு இல்லாமல் மூன்று தொழிற்சாலைகள் தடுமாறின. நானே உட்கார்ந்து மூன்று வாரம் எழுதினேன். எழுதி முடித்தபோது, அவர் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று தேடிப் போனேன். அவர் கணக்கையே மூடிவிட்டிருந்தார்.

சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்குப் பிடிக்கவில்லை என்றால் ராஜினாமாக் கடிதம் கொடுப்பார், நமக்குத் தெரிந்துவிடும். தானாக வந்து உதவி செய்கிறவர் எதுவும் கொடுக்க மாட்டார். வராமல் இருந்துவிடுவார், அவ்வளவுதான். ஆகவே திருத்தத்தை மறுக்கும்போது காரணம் எழுதுங்கள். மறுப்பதில் தவறில்லை. நல்ல காரணத்தோடு மறுக்கப்பட்டவர் மறுபடியும் வருவார் என்பதற்கு மெய்யம்மையே சாட்சி. அவளுடைய முதல் நான்கு திருத்தங்களையும் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நோன்பு மாதத்து அவமானத்துக்குப் பிறகு, இதைவிடப் பல மடங்கு பெரிய திட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்த ஒருவருக்குக் கடிதம் எழுதினேன். அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. புனைபெயர்தான். ஆணா, பெண்ணா, எந்த நாடு, எதுவும் தெரியாது. இத்தனை பேரை எப்படிக் கட்டி மேய்க்கிறீர்கள் என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருந்தேன். ஒரே ஒரு கேள்விதான் திரும்பி வந்தது. உங்கள் திட்டத்தில் உங்கள் மாற்றத்தை வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் யார்? யாருமில்லை, நான்தானே தொடங்கினேன் என்று பெருமையாக எழுதினேன். அப்படியானால் முதலில் அவரைத் தேடுங்கள் என்று பதில் வந்தது. அதற்குமேல் அவர் எதுவும் எழுதவில்லை.

தேடியதில் கிடைத்தவள் மெய்யம்மை. காரைக்குடிப் பக்கம் பூர்வீகம், ஜொகூரிலேயே தெப்ராவில் வீடு, தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை. அவளுக்கும் சாவி கொடுத்து, ஒரு விதியும் எழுதினோம். யாரும் தன் மாற்றத்தைத் தானே மூல நிரலில் சேர்க்கக் கூடாது. சாவி உள்ள இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் சேர்க்க வேண்டும். நிரலை வைத்திருக்கும் இணையதளத்திலேயே அதற்கு ஒரு பூட்டும் போட்டோம். ஆனால் திட்டத்தின் உரிமையாளர் என்ற முறையில் அந்தப் பூட்டைத் தாண்டிப் போகும் வசதி எனக்கு மட்டும் இருந்தது. அதை நான் எடுத்துவிடவில்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

அவசரம் வந்தது. ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியிலிருந்து ஞாயிற்றுக்கு மாறப்போகிறது என்று அறிவித்தார்கள். அரசாங்க அலுவலகங்களுக்குத்தான் கட்டாயம், தனியார் அவரவர் வசதிப்படி. அப்போது பெரட்டைப் பயன்படுத்திய ஆறு தொழிற்சாலைகளுக்கும் வெள்ளிதான் ஓய்வு நாள். நிரலில் பதினொரு இடத்தில் வெள்ளி என்று அழுத்தந்திருத்தமாக எழுதி வைத்திருந்தவள் நான். ஓய்வு நாள் மாறும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். அதற்கு முன்னாலும் ஒருமுறை மாறியதை இதே ஜொகூரில் இருந்து பார்த்தவள்தான் நான்.

பொது விவாதப் பக்கத்தில் பேச்சு தொடங்கியது. ஓய்வு நாளை நிரலில் எழுதவே வேண்டாம், ஒவ்வொரு தொழிற்சாலையையும் கேட்டு அவர்கள் சொல்லும் நாளை வைப்போம் என்றாள் மெய்யம்மை. எல்லோரும் ஞாயிற்றுக்குத்தானே போகிறார்கள், பதினொரு இடத்தில் பெயரை மாற்றினால் தீர்ந்தது, எதற்கு இவ்வளவு பெரிய வேலை என்றேன் நான். பேச்சு மூன்று வாரம் நீண்டது. நீள நீள எனக்குப் பொறுமை போய்விட்டது. கடைசிப் பக்கங்களை நான் படிக்கவே இல்லை. ஆனாலும் மெய்யம்மையின் வழியில் போகலாம் என்று பெரும்பாலோர் சொன்னதால் சரி என்று விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுத்தது வாய் மட்டும்தான் என்பது பிறகு தெரிந்தது.

டிசம்பர் கடைசி நாள். மெய்யம்மையின் வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. சிங்கப்பூர் அலுவலகத்திலிருந்து மதியம் கூப்பிட்டாள்.

“அக்கா, எல்லாம் முடிஞ்சிருச்சு. ஒரே ஒரு எடம் மட்டும் சந்தேகமா இருக்கு. வீட்டுக்கு வந்து ஏழு மணிக்கு ஒக்காந்து பாத்துர்றேன். அதுவரைக்கும் ஒண்ணும் போட்டுறாதீங்க.”

“கிராணிங்க எல்லாம் போன் மேல போன் அடிக்கிறாங்கம்மா. ஜனவரி லிஸ்ட்டு பிரிண்ட் எடுக்கணுமாம்.”

“நாளைக்குக் காலையில எடுக்கச் சொல்லுங்க லா. ஒரு நாள்ல என்ன ஆயிரப்போவுது?”

ஒன்றும் ஆகியிருக்காது. மறுநாள் காலையில் அச்சடித்திருந்தாலும் குடி முழுகிப் போயிருக்காது. ஆனால் தொலைபேசி ஓயவில்லை. ஒரு கிராணி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டார். மூன்று மணிக்கு நான் பூட்டைத் தாண்டினேன். பதினொரு இடத்திலும் வெள்ளியை எடுத்துவிட்டு ஞாயிறு என்று போட்டு, புதிய பதிப்பாக வெளியிட்டேன். எல்லாத் தொழிற்சாலைகளும் புதிய பதிப்பைத் தானாகவே இறக்கிக்கொள்ளும்படி முன்னமே நான் அமைத்திருந்தேன். ஐந்து நிமிட வேலை. தொலைபேசிகள் அடங்கின. மூன்று வாரம் பேசியதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டோம் என்று எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. மெய்யம்மை மாலையில் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாதிருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

புது வருடத்தின் முதல் ஞாயிறு, காலை ஆறரை மணி. சுகுமாரன் கூப்பிட்டார். ஆறு தொழிற்சாலைகளில் ஒன்றில் அவர் ஷிப்டு கிராணி. பெரட்டைப் பயன்படுத்துகிறவர், அவ்வப்போது குறை எழுதி அனுப்புகிறவர். அதற்குமேல் எனக்கு அவரோடு பழக்கமில்லை.

“அக்கா, மாசாய் ரோட்டுல நாப்பது பேரு நிக்கிறாங்க. பஸ்ஸு வரல. மழை வேற.”

“ஞாயித்துக்கெழம எதுக்கு நிக்கிறாங்க? லீவுதானே?”

“ஐயோ, அலமாக்! எங்களுக்கு இன்னைக்கு வேல அக்கா. எங்க கம்பெனி வெள்ளியவே வச்சுக்கிட்டாங்க. பஸ்காரரக் கேட்டா லிஸ்ட்டே வரலன்றாரு.”

என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? “உங்க செட்டிங்ல ஏதாச்சும் தப்பா இருக்கும், பாருங்க” என்றேன். அதை எழுதவே இப்போது கூசுகிறது. நாற்பது பேர் மழையில் நிற்கும்போது, தப்பு என்னுடையதாக இருக்கக் கூடாதே என்ற கவலைதான் எனக்கு முதலில் வந்திருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. “நான் எழுதியிருந்தேனே அக்கா, நாங்க மாறலன்னு” என்றார். விவாதப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எழுதியிருந்தார். நான் படிக்காமல் விட்ட கடைசிப் பக்கத்தில், மரியாதையாக, மூன்று வரி. தங்கள் தொழிற்சாலையில் பெரும்பாலோர் வெள்ளித் தொழுகைக்குப் போகிறவர்கள், அதனால் நிர்வாகம் வெள்ளியையே வைத்துக்கொண்டது என்று. கீழே மெய்யம்மை நன்றி சொல்லி, இதையும் சேர்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாள். அவள் ஏழு மணிக்குப் பார்க்கிறேன் என்று சொன்ன அந்த ஒரு சந்தேக இடம் இதுதான். நான் அவர்களிடம் பேசிவிட்டுத்தான் புதிய பதிப்பைப் போட்டிருப்பேன் என்று அவள் நினைத்துக்கொண்டாளாம். இரண்டு நாள் முன்பு வெள்ளியன்று பஸ் காலியாக வந்து காலியாகத் திரும்பியதும் பிறகுதான் தெரிந்தது. தொழிற்சாலை பூட்டியிருந்ததால் ஓட்டுநர் யாரிடமும் சொல்லவில்லை.

உடனே பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுவிட வேண்டும் என்று நிரலைத் திறந்தேன். பூட்டைத் தாண்டும் பொத்தான் அங்கேயேதான் இருந்தது. அதை அழுத்தப் போன விரலை எப்படி நிறுத்தினேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன். மெய்யம்மையைக் கூப்பிட்டேன்.

“பழசத் திருப்பிப் போடப் போறேன். பாத்து சரின்னு சொல்லும்மா.”

அவள் நிரலைத் திறக்கும் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. “போடாதீங்க அக்கா. பழசு வந்துச்சுன்னா எல்லாருக்கும் வெள்ளி லீவு ஆயிரும். மத்த அஞ்சு கம்பெனிக்கும் மதிய ஷிப்டுக்கு லிஸ்ட்டு போயி, வீட்டுல தூங்குறவங்களத் தேடி பஸ்ஸு கெளம்பிரும். வர்ற வெள்ளி அவங்க ரோட்டுல நிப்பாங்க.”

ஒரு தப்பைத் திருத்தப் போய் ஐந்து தப்பு செய்திருப்பேன். “அப்ப நாப்பது பேரு?” என்றேன்.

“அதுக்கு நிரல் எதுக்கு? சுகுமாரன் அண்ணன்கிட்ட பழைய லிஸ்ட்டு இருக்கும்ல. பஸ்காரருக்குப் போன்ல வாசிக்கச் சொல்லுங்க. நான் இங்க மத்தத முடிக்கிறேன்.”

சுகுமாரன் போன வாரப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாக வாசித்தார். ஏழே முக்காலுக்கு பஸ்கள் வந்தன. அதற்குள் பலர் மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டே போய்விட்டார்கள். மெய்யம்மையின் திருத்தம் மதியம் பன்னிரண்டரைக்கு, நான் வரி வரியாகப் படித்துச் சரி சொன்ன பிறகு, பெரட்டில் சேர்ந்தது. நெருக்கடியில் வேகமாகச் செய்ய வேண்டியது எது, பொறுத்துச் செய்ய வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. மக்களை நனையாமல் காப்பது வேகமாகச் செய்ய வேண்டியது. நிரல் பொறுத்திருக்கும்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. செவ்வாயன்று தெப்ராவில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில் நானும் மெய்யம்மையும் சுகுமாரனும் சந்தித்தோம். நான் எழுதிக் கொண்டுபோன காகிதத்தை மேசையில் வைத்தேன். என்ன நடந்தது, யார் செய்தது, எப்படி என்று என் பெயரோடு பொதுவில் போடப்போகிற அறிக்கை. சுகுமாரன் படித்தார். ‘சில தொழிலாளர்களுக்குச் சிரமம் ஏற்பட்டது’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“நாப்பது பேருன்னு போடுங்க அக்கா. மழைன்னும் போடுங்க.”

போட்டேன். பிறகுதான் அவர் வந்த விஷயத்தைச் சொன்னார். அவர்கள் மேலாளர் பெரட்டின் நிரலைப் படியெடுத்துக்கொண்டு தனியாக நடத்தப் போகிறாராம். வேறு இரண்டு தொழிற்சாலைக்காரர்களும் கூட வருகிறார்களாம். அப்படிச் செய்ய அவர்களுக்கு முழு உரிமை உண்டு. உரிமத்தில் அப்படி எழுதியவள் நான். ஆனால் மூன்று தொழிற்சாலை அங்கே, மூன்று இங்கே என்றால், திருத்தம் அனுப்பும் கைகளும் பாதி பாதியாகப் பிரியும். இரண்டு பெரட்டுமே ஓரிரு வருடத்தில் பராமரிக்க ஆளில்லாமல் போய்விடும். மூவருக்கும் அது தெரிந்திருந்தது. தே தாரிக் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

“இனிமே நான் அப்படிச் செய்யவே மாட்டேன் தம்பி. சத்தியமா” என்றேன்.

“தெரியும் அக்கா. நீங்க செய்ய மாட்டீங்க, நான் நம்புறேன்” என்றார் சுகுமாரன். “ஆனா செய்ய முடியும்ல?”

மெய்யம்மையைப் பார்த்தேன், எனக்காக ஏதாவது சொல்வாள் என்று. அவள் கண்ணாடிக் குவளையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “ஞாயித்துக்கெழம தப்புக்கு எனக்குக் கோவமில்ல அக்கா. தப்பு யாரு செய்யல? ஏழு மணி வரைக்கும் இருங்கன்னேன், நீங்க இருக்கல. அதுதான் மனசுல இருக்கு.”

வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன். அவமானத்தில் பாதி, கோபத்தில் பாதி. நான் பெற்று வளர்த்ததை என்னிடமிருந்தே காப்பாற்ற வேண்டியிருக்கிறதா என்ற கோபம். எல்லாவற்றையும் இவர்கள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்படிக் கோபித்துக்கொண்டு போவதும் ஒருவகையில் பூட்டைத் தாண்டுவதுதான் என்று மூன்றாம் நாள் புத்திக்கு எட்டியது. என்னைச் சமாதானப்படுத்த அவர்கள் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்க நேரிடும்.

பூட்டைத் தாண்டும் வசதியை மட்டும் எடுத்துவிட்டால் போதாது. உரிமையாளராக இருக்கிறவர் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். அதனால் உரிமையாளர் இடத்தையே மூன்று பேருக்குச் சேர்த்துக் கொடுத்தேன். மெய்யம்மை ஒருத்தி, மற்ற இருவரும் வேறு வேறு தொழிற்சாலைக்காரர்கள். அந்த மூவரில் இருவர் ஒத்துக்கொண்டால்தான் விதியை மாற்ற முடியும், அதுவும் விவாதப் பக்கத்தில் எல்லோர் பார்வைக்கும் வைத்த பிறகு. என் சாவியையும் கொடுத்துவிட்டேன். வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் மெய்யம்மை சொன்னாள். என்னை எனக்குத் தெரியும், வேண்டாம் என்றேன். என் பெயரை நீக்கும் பொத்தானை அழுத்தினேன். உண்மையாகவே நீக்க வேண்டுமா என்று தளம் இரண்டு முறை வேறு கேட்டது.

சுகுமாரனின் மேலாளர் மூன்று மாதம் பார்க்கிறேன் என்றார். மூன்று மாதம் கழித்து யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் இன்னும் பெரட்டில்தான் இருக்கிறார்கள்.

சாவி வாங்கிய மூவரில் ஒருவருக்கு இந்தக் கதை தெரியும் என்று தொடக்கத்தில் சொன்னேன். அது சுகுமாரன். அவர் பெயரை மெய்யம்மை முன்மொழிந்தபோது எனக்குக் கருத்துச் சொல்லும் உரிமை மட்டும்தான் இருந்தது. ஆமாம் என்று முதலில் எழுதியவள் நான்.

இப்போது நானும் எல்லோரையும்போலத் திருத்தம் எழுதி வரிசையில் வைக்கிறேன். பொதுவிடுமுறை நாட்களில் பஸ் நேரத்தைத் தானாகத் தள்ளிவைக்கும் ஏற்பாடு ஒன்று. ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்பது என் எண்ணம். ஒன்பது நாளாக யாரும் தொடவில்லை. நேற்று காலை சுகுமாரன் தன் புதுச் சாவியோடு அதைத் திறந்து பார்த்திருக்கிறார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கீழே ஒரு கேள்வி எழுதியிருக்கிறார்: “அக்கா, இது எந்தக் கம்பெனிக்காச்சும் ஒத்துவராதான்னு எல்லாரையும் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கப்போகிறேன்.